இனிப்புக் குடா

2005ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. நாங்கள் அப்போது ஒஸ்லோவில் ட்வெய்ட்டாவில் இருந்தோம். என் தம்பி நோர்வேயின் வட கோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். "ஒருக்கா வந்து பாரன் அக்கா, உண்மையான நோர்வே இஞ்சைதான் இருக்கு" என்று போன் எடுக்கும்போதெல்லாம் நச்சரிப்பான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் விமானம் ஏறினேன்.

போய் இறங்கியதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. ஒரு சத்தம் சந்தடி இல்லை. மகள் வாசலைத் தாண்டினாலே பின்னால் ஓடுவேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்கு எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பெரிய வெள்ளியன்று, ஆறு கடலோடு சேரும் இடத்துக்குக் காரில் கூட்டிப் போனான். மற்றக் கரையில் ரெயின்டியர் கூட்டம் நிற்கிறது, பனிக்கட்டிக்கு மேலால் நடந்து போய்ப் பிள்ளைக்குக் காட்டுவோம் என்றான். பனிக்கட்டி தாங்குமா என்று கேட்டேன். ஒருமுறை அல்ல, நச்சு நச்சென்று கேட்டேன். அவன் வரைபடத்தைக் காரின் மேல் விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"பெயரைப் பாரன், சோத்விகா. சோத் எண்டால் இனிப்பு. இனிப்புக் குடா. ஊரிலை நல்ல தண்ணிக் கிணறு, உவர்த் தண்ணிக் கிணறு எண்டு சொல்லுறேல்லையே? அது மாதிரித்தான். கடல் தண்ணி இதுக்குள்ளை வராது. நல்ல தண்ணிதான் கெதியா உறையும். கல்லு மாதிரி இருக்கும், பயப்பிடாதை."

எனக்கு சோத் என்றதும் சோறுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவன் சொன்னதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அவன் தேநீர்ப் போத்தலையும் மீன் றோல்ஸையும் எடுக்கக் காருக்குத் திரும்பினான். நான் கையுறையை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள், மகள் தன் சிவப்புச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு பனிக்கட்டியில் நல்ல தூரம் ஓடிவிட்டாள்.

அப்போது கரையோரமாக ஒரு ஸ்னோ ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் என் வயதுப் பெண். சாமி இனத்தவள். அந்த வட பகுதியின் ஆதிக்குடிகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "சுத்தெஸ்! சுத்தெஸ்!" என்று கத்தியபடி குதித்து இறங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். மகளுக்கு முன்னால் வெள்ளை முடிந்து, சாம்பல் நிறமாக ஈரம் மினுங்கியது.

நான் ஓடத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அவள் என்னைப் பனியில் விழுத்தினாள். நீ ஓடினால் இரண்டு பேரும் போவீர்கள் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவள் கையில் அடித்தேன், நகத்தால் பிறாண்டினேன். விடவில்லை. என்னை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே, பாலர் பள்ளி ஆசிரியை மாதிரிக் குரலை மாற்றி மகளைக் கூப்பிட்டாள். உனக்குக் கடல்நாய் மாதிரி வயிற்றால் ஊர்ந்து வரத் தெரியுமா, அம்மாவுக்குச் செய்து காட்டு என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சிரிக்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சிரித்ததே இல்லை. "ஓம் செல்லம், செய்து காட்டுங்கோ" என்றேன்.

பலகையைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாள். ஊர்ந்தாள். நடுவில் தலையைத் தூக்கிக் கடல்நாய் மாதிரிக் குரைத்து வேறு காட்டினாள். தம்பி போத்தலும் கையுமாக அசையாமல் நின்றான். கிட்ட வந்ததும் அந்தப் பெண் எட்டி அவளை இழுத்து என் மடியில் போட்டாள். "அம்மா, இன்னொருக்கா செய்வமா?" என்று கேட்டது பிள்ளை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பிறகுதான் அந்தப் பெண் விளக்கமாகச் சொன்னாள். கீழே நீரோட்டம் இருப்பதால் அந்த இடம் எந்தக் குளிரிலும் ஒழுங்காக உறையாதாம். அதனால் அவர்கள் மொழியில் அதற்கு சுத்தெஸ்லுவொக்தா என்று பெயர். உறையாத குடா. வரைபடம் போட வந்தவர்களின் காதில் சுத்தெஸ் என்பது சோத் என்று விழுந்திருக்கிறது. அப்படியே இனிப்பாக்கி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பலமுறை சொல்லிச் சலித்த குரலாக இருந்தது.

"எங்கடை பருத்தித்துறையை வெள்ளைக்காரன் பொயின்ற் பெட்ரோ ஆக்கின மாதிரி" என்று தம்பி முணுமுணுத்தான்.

"நீ வாயை மூடு" என்றேன்.

மறுநாள் கரையில் நின்று பார்த்தோம். சிவப்புப் பலகை கிடந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வளர்ந்துவிட்டாள். அவளுக்குக் கடல்நாய் விளையாட்டு மட்டும்தான் ஞாபகம். எனக்கு உறையாத குடா என்ற அந்தப் பெயர் மறக்கவே இல்லை. சும்மா இருக்கும் ஒரு குடாவுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாயிலிருந்துதான் அது முதலில் வந்திருக்கும் என்று தோன்றும்போதெல்லாம், முகம் தெரியாத அவளை நினைத்து நான் இன்றைக்கும் அழுவேன்.