இரண்டாவது பிஸ்டன்

என் கல்யாணம் ஓர் எஞ்சினுக்குள் சிக்கிக்கொண்டது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

எல்லைப் பேச்சு சூடாக இருந்த காலம் அது. திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விடும், புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிடும் என்று டீக்கடைதோறும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தூரில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்த்த பெண் திருத்தணிப் பக்கம். பெண்ணின் அப்பாவுக்கு என்னைப் பிடித்திருந்தது, என் ஊரைத்தான் பிடிக்கவில்லை. எல்லைக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிற மனிதர் அவர். தெலுங்கில் வாய் திறப்பதில்லை என்று வைராக்கியம் வேறு.

"பொண்ண அந்தாண்ட குடுத்துட்டு நான் இன்னா பண்றது தம்பி?" என்றவர், என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வண்டி கீது. நெனச்சப்போ இட்டாந்து காட்டுவே இல்ல?"

"காட்டுவேன் மாமா" என்றேன். பெண்ணை எனக்குக் கொடுக்கிறாரா, காருக்குக் கொடுக்கிறாரா என்று அப்போதே எனக்குக் குழப்பம்.

பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நாங்கள் இருவரும் திருப்பதிக்குக் கிளம்பினோம். முந்தின நாள் மழையில் வடமாலைப்பேட்டையைத் தாண்டி ஓர் ஓடை சாலை மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீர்தானே என்று இறக்கினேன். பாதியில் எஞ்சின் இருமவும் இல்லை, முனகவும் இல்லை, பட்டென்று நின்றுவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கரையில் நின்றிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சேர்த்தார். வண்டி நின்றால் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் காரணம் கேட்பதில்லை. கரையேற்றிய பிறகும் மாமா விடவில்லை. "கியரப் போடு தம்பி, நாங்க தள்றோம்" என்று தோள் கொடுத்தார். சக்கரம் ஒருமுறை முரண்டு பிடித்தது. இன்னும் பலமாகத் தள்ளினார்கள். கர்ரென்று எஞ்சின் உயிர்பெற்றது. மாமா தானே தேர் இழுத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் அது என் வண்டியாக இல்லை. உள்ளே டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். மேடு வந்தால் மூச்சு வாங்கியது. எப்படியோ திருப்பதி வந்து, எனக்குப் பழக்கமான மெக்கானிக்கின் கொட்டகையில் நிறுத்தினேன்.

மெக்கானிக் கேட்ட மாத்திரத்திலேயே பெட்ரோலில் தண்ணீர் என்றார். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். டொக் டொக். பிளக்கில் ஈரம் என்றார். பிளக்கைக் காயவைத்தார். டொக் டொக். ஆயில் அளக்கும் கம்பியை உருவினால், ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தது. "ஓ, இதுவா" என்றார். எதுவென்று சொல்லவில்லை. வண்டி போனால் பெண் போச்சு என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் புகைமூட்டம்.

கடைசியில் எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து, கையால் சுற்றவிட்டார். மூன்று பிஸ்டன்கள் விளிம்பு வரை ஏறி வந்தன. இரண்டாவது மட்டும் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"பிஸ்டனத் தாங்குற ராடு வளைஞ்சிக்கிது. தண்ணி உள்ள இருக்கும்போது வண்டியத் தள்ளி எஞ்சினச் சுத்த வெச்சிட்டீங்க. பிளக்கக் கழட்டித் தண்ணிய வடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றவர், என்னைப் பார்த்து, "எவரு தோசிந்தி?" என்றார். தள்ளியது யார் என்று கேட்கிறார்.

மாமா என்று சொன்னால் மரியாதை போகும். யாரும் தள்ளவில்லை என்று சொன்னால் பொய். மாமாவுக்குக் கேள்வி புரிந்ததா என்றும் தெரியவில்லை. நான் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் இருந்து "நேனே" என்று ஒரு குரல் வந்தது. நான்தான் என்று மாமா தெலுங்கிலேயே சொல்லிவிட்டார்.

புது ராடு மதராஸிலிருந்து வர வேண்டும், வந்தாலும் எஞ்சின் பழையபடி ஓடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் மெக்கானிக். மாமா வெளியே போய்ச் சாலையோரம் குந்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணம் நின்றுபோனது என்றே நினைத்தேன்.

"தண்ணியாலதான் மாமா ஆச்சு. நீங்க தள்ளுனதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"சும்மா இரு" என்றார். "எம் பொண்ணு வர்ற வண்டிய நானே தள்ளி ஒடச்சிட்டேன். இனிமே அது வரும்னு வாசலப் பாத்துக்கினு குந்தியிருக்க முடியுமா? நான்தான் வரணும். திருத்தணிலேர்ந்து உங்க ஊருக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு மாப்ள?"

எனக்குத் தெரியவில்லை. சொந்த வண்டி வைத்திருந்தவன், பஸ் நேரத்தை என்றைக்குப் பார்த்தேன்?