அடிமீனைக் காட்டச் சொன்னவள்

பரிசு விழுந்திருக்கிறது என்று கூப்பிட்டு, காரில் ஏற்றிக்கொண்டு போய் ஏசி ஹாலில் உட்கார வைப்பார்களாம். கையெழுத்துப் போடாமல் வெளியே விடமாட்டார்களாம். மண்டைக்காட்டில் ஒருவர் வீட்டுமனை வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, எங்கோ மலையில் வருஷத்துக்கு ஏழு நாள் தங்கும் உரிமையை வாங்கிக்கொண்டு வந்தாராம். 2011-இல் ஷார்ஜாவில் இதைச் சொன்னவர் என் அறையில் தங்கியிருந்த இரணியல்காரர் ஜெயசிங். அவருக்கு மைத்துனி போனில் சொன்னது. முக்கியமானதைக் கடைசியாகச் சொன்னார்.

"உனக்க குளோரி அக்காளும் அத்தானும் இன்னைக்கு அந்த ஹாலுக்குத்தான் போயிருக்காவளாம்."

அந்த ஹால்காரர்களின் பரிசுக் கூப்பனை எழுதிப் போட்டவன் நான். விடுமுறையில் நாகர்கோவில் துணிக்கடையில் நீட்டினார்கள். ஊரை விட்டுக் கிளம்பப் போகிறோமே என்று அக்காவின் நம்பரை எழுதினேன். தமிழும் இங்கிலீஷும் படித்தவன்தான். கூப்பனின் அடியிலிருந்த பொடி எழுத்தை எந்த மொழியிலும் படிக்கவில்லை. போதாததற்கு, என் வீட்டு மேல்தளம் வார்ப்பதற்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் அக்காவின் பையில் இருந்தது. தொகை எழுதாத செக். அதில் என் ஆறு வருஷம் இருந்தது.

மத்தியானம் முழுக்க அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

குளோரி அக்கா இருபத்திரண்டு வருஷமாகக் குளச்சல் துறைமுகத்தில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்து, தக்கலைத் தெருக்களில் வீடு வீடாக விற்கிறவள். அத்தான் ஞானதாசன் கடலுக்குப் போகிறவர். எங்கள் ஏலத்தில் தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. 'சரி' என்று வாயிலிருந்து வந்துவிட்டால் மீன் உங்களுடையது. பின்வாங்கினால் மறுநாள் ஏலம் கூறுகிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரே ஒரு விலக்கு உண்டு. மேலே கிடக்கும் மீனும் அடியில் கிடக்கும் மீனும் வேறாக இருந்தால் சொன்ன சொல் செல்லாது. அதனால் யாரும் கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லலாம்.

சாயங்காலம் அக்கா போனை எடுத்தாள். அவள் சொன்னதையும், இடையிடையே அத்தான் பின்னாலிருந்து சேர்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அனிஷ் என்று டை கட்டிய ஒருவர் கோவாவில் நீச்சல் குளம், மூணாறில் பனி என்று படம் படமாகப் புரட்டியிருக்கிறார். பக்கத்து மேசைகளில் யாராவது கையெழுத்துப் போட்டால் ஹாலே கைதட்டியது. அத்தானை வாழ்நாளில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"குடும்பத்த ஒரு தடவையாவது டூர் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா சார்?"

"இல்ல."

"ஆசை இல்லையா சார்?"

"உண்டு."

"அப்போ எடுத்துக்கலாம் இல்லையா சார்?"

"சரி" என்றுவிட்டார் அத்தான். மரியாதைக்குச் சொன்னது. ஆனால் சொன்னதுமே, இனி திரும்ப முடியாது என்று அவரே அக்காவின் பையிலிருந்து செக்கை எடுத்து மேசையில் வைத்தார். கடலோரத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அக்காவுக்கும் அந்தச் சட்டம்தான் தெரியும். செக்கின் மேல் கையை வைத்தாள்.

"மக்கா, மேல கிடக்கத எல்லாம் காட்டியாச்சு. இனி அடியக் காட்டு."

"எந்த அடிம்மா?"

"இந்தத் தாளுக்கட்டுக்க அடி. கடைசிப் பக்கத்துல இருந்து வாசி. தமிழ்ல சொல்லு."

அனிஷ் சிரித்துக்கொண்டே தொடங்கினார். பராமரிப்புக் கட்டணம் வருஷாவருஷம் உண்டு. போகாவிட்டாலும் கட்டவேண்டும். கம்பெனி அதை உயர்த்தலாம். கேட்ட தேதியில் அறை கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அக்கா "பொறவு?" என்று மட்டும் கேட்டாள். சிரிப்பு நின்றது; குரல் இறங்கியது. இரண்டாவது தாளுக்கு வந்தபோது பக்கத்து மேசைக்காரர்களும் காதைத் திருப்பினார்கள்.

மேனேஜர் வந்து விலையைக் குறைத்தார். நாற்காலியை விட்டு எழுந்தால் இந்த விலை போய்விடும் என்றார். அக்கா எழவில்லை. "நீ வாசி மக்கா" என்றாள். மேனேஜர் மறுபடி வந்து இன்னும் குறைத்தார்.

"நான் விலையே கேக்கல்ல. அதுக்குள்ள ரெண்டு தடவ இறங்கிட்டு. எங்க கடப்புறத்துல மீன் இப்படி இறங்கினா மூக்கப் பொத்திட்டுப் போவோம்."

பக்கத்து மேசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவள் கணவர் பேனாவை மூடினார்.

"உங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லிட்டாரே" என்றார் மேனேஜர்.

"அவரு சொன்னது மேல கிடந்த மீனுக்கு. அடியில வேற மீன் கிடக்கு. அது செல்லாது." பிறகு அனிஷைப் பார்த்தாள். "நீ இத முந்தி வாசிச்சிருக்கியா மக்கா?"

"இல்லம்மா" என்றார் அனிஷ்.

திரும்பி வரக் கார் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வந்தார்கள்.

"பரிசு உண்டுன்னானுவளே?" என்றேன்.

"கேட்டு வாங்கினேன். கூப்பன்ல எழுதியிருக்கே. ஒரு ஹாட்பாக்ஸ்."

இரண்டு மொழியில் படித்தவன் நான். நீட்டிய தாளில் எல்லாம் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்கு வந்து விழித்துக்கொண்டு கிடக்கிறவன். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாதவள் அந்தத் தாள்கட்டை, விற்கிறவன் வாயாலேயே வாசிக்க வைத்திருக்கிறாள்.

"பயமா இல்லியா அக்கா?"

"பயந்தேன் மக்கா. செக்குக்க மேல கைய அழுத்தி வச்சதே அதனாலதான்."

அப்போது அவள் பின்னால் இன்னொரு போன் அடித்தது. அத்தானுடையது.

"ஏட்டி, அந்த ஹால்காரனுவதான். எடுக்கட்டா?"

"மேல்தளம் திங்கக்கிழமை வார்க்கோம்" என்றாள் அக்கா என்னிடம். "கம்பி இறக்கியாச்சு. செக்கு நாளைக்குக் காண்ட்ராக்டர் கையில குடுப்பேன்."

அத்தானின் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ஷார்ஜாவில் அதை எடுக்க என் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அக்கா சிமெண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் அது அடித்துக்கொண்டே இருந்தது.