பாட்டின் கடைசியில் அம்மா

அண்ணனின் முதல் ஆல்பத்திலிருந்து முதல் பாட்டு வெளியான ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பாட்டு வெளியிடுவது என்றால் குத்துவிளக்கு ஏற்றுவார்கள் என்று நினைத்திருப்பாள் போல. போய்ச் சேர்ந்தது தெற்கு தில்லியில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடி. சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. அதை ஆள் வைத்து உதிர்த்தார்களாம். உட்கார முக்காலிகள். அப்பாவுக்கு மட்டும் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி முன்வரிசையில் போட்டேன்.

இண்டி ராக் என்றால் என்ன என்று அண்ணன் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறான். எந்தக் கம்பெனிக்கும் தலையாட்டாமல் தன் மனதில் இருப்பதைத் தானே எழுதிப் பாடுவதாம். அவன் மனதில் இருப்பது பெரும்பாலும் மழை. வருஷத்தில் பாதி நாள் புழுதி பறக்கும் ஊரில் பிறந்தவன், ஆனால் அவன் பாட்டில் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருக்கும். அதை விட்டால் தனிமை. முப்பத்திரண்டு வயதுவரை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அம்மா தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு, தன் பனியனைக்கூடத் துவைக்காமல் இருந்தவன். பிறகுதான் சாக்கேத்தில் அறை எடுத்துப் போனான். இவ்வளவு தனிமை அவனுக்கு எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை. பாட்டின் பெயரை ஆங்கிலத்தில், எல்லாமே சின்ன எழுத்தாக அச்சடித்திருந்தான். பெரிய எழுத்துப் போட்டால் கர்வமாகத் தெரியுமாம்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வீட்டில் சிரிக்கிற நிலைமை இல்லை. ஒரு வருஷமாக அப்பா அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதற்குக் காரணம் அவருடைய இதய ஆபரேஷன். முந்தின நாள் அண்ணனுக்கு நான் போன் போடப் போனபோது அம்மா தடுத்தாள். “நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அவன் ரெக்கார்டிங்ல இருக்கான். நான் பாத்துச் சொல்லிக்கிடுதேன்,” என்றாள். மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அப்பா லிஃப்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு பத்துத் தடவை திறந்திருக்கும். கடைசியில் அம்மா குனிந்து, “அவன்கிட்ட நான் சொல்லல. பயந்துருவான்,” என்றாள். அப்பா ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் எட்டாம் நாள் கிவிப் பழக் கூடையோடு வீட்டுக்கு வந்தான். “எனக்கு யாருமே சொல்லலைப்பா. சச்சி, சத்தியமா,” என்று கண் கலங்கினான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, “நான்தான் சொல்லல,” என்றாள். அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், உனக்கு அறிவு இருக்கா என்று கத்தியவள் நான்தான். அவள் அந்தப் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் பக்கத்தில் நின்றாலும் அப்பா என்னிடம்தான் தண்ணீர் கேட்பார். நான் சமாதானம் பேசப் போனால், “பெத்த பிள்ளைக்கே சொல்லாம வச்சவகிட்ட என்ன பேச்சு,” என்பார்.

தில்லியில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் தமிழ் என்பது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகவே வம்பளக்க உதவும் மொழி. யாருக்கும் புரியாது என்ற தைரியம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அண்ணனை அந்த மொட்டைமாடியில் கவிழ்த்தது அந்தத் தைரியம்தான்.

பாட்டை முனகினான். கிதார் அழுதது. வழக்கம்போல மழை பெய்தது. எல்லோரும் கண்ணை மூடித் தலையசைத்தார்கள், சாப்பிட்டது செரிக்காதவர்கள் மாதிரி. அம்மாவும் மரியாதைக்குத் தலையசைத்தாள். பிறகு கிதார் அடங்கியது. அண்ணன் மடிக்கணினியில் எதையோ தட்டினான். ஸ்பீக்கரிலிருந்து அம்மா பேசினாள்.

“எய்யா, அம்மா பேசுதேன். நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். உன்னையத்தான் கேக்காவ. ஜல்தியா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிருய்யா. அஞ்சு நிமிசம் போதும்.”

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி சேர்த்திருந்தான். ‘அஞ்சு நிமிசம் போதும்’ மட்டும் நாலைந்து முறை திரும்பத் திரும்ப வந்து தேய்ந்தது. அந்த வாய்ஸ் மெசேஜை அவன் கேட்டிருக்கிறான். ஒருமுறை அல்ல, வெட்டி, ஒட்டி, இழைத்து, எத்தனை நாள் உட்கார்ந்து கேட்டானோ. எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. என்னையும்.

கைதட்டல் நடுவே அண்ணன் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தான். அங்கே மூன்று பேருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

அப்பா மெல்ல அம்மா பக்கம் திரும்பினார். “நீ சொல்லியிருக்கியே,” என்றார். அம்மா மடியில் கிடந்த முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

மேடையிலிருந்து இறங்கி வந்த அண்ணனோடு அவனுடைய சிநேகிதிகளும் வந்தார்கள். மூக்குத்தி போட்ட ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாஷை புரியாவிட்டாலும் தாலாட்டு மாதிரி இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று இந்தியில் உருகினாள். பிறகு அப்பாவிடம், “அங்கிள், ஆன்ட்டி இஸ்மே க்யா கஹ் ரஹீ ஹைன்?” ஆன்ட்டி இதில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

“அப்பா, கிளம்பலாமா, டாக்ஸி சொல்லவா?” என்று அண்ணன் குறுக்கே விழுந்தான்.

அப்பா அவனைக் கவனிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் பழகிய இந்தியில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அம்மா சொன்னதை வரிவரியாக அந்தப் பெண்ணுக்குச் சொன்னார். நாளைக் காலை ஒன்பது மணி. ஆபரேஷன். உன்னைத்தான் கேட்கிறார். ஐந்து நிமிடம் போதும்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. மிச்சக் கதையைத்தான் கேட்டாள்.

“ஃபிர்? தும் கயே தே?” அப்புறம், நீ போனாயா என்று.

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து இன்றுவரை எவர் என்ன கேட்டாலும் அவனுக்காக முந்திக்கொண்டு பதில் சொல்வது அவள்தான். அம்மா வாயைத் திறக்கவில்லை.