கொடிமரத்தைச் சுற்றி நடந்தது

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு காலைப் பார்க்கத் தொடங்கினேன். “காலையிலயும் பின்னேரமும் நடக்கோணும். நடக்காட்டி காலுக்குத்தான் வில்லங்கம்” என்று டொக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். எங்கள் வீடிருந்த ஒழுங்கைக் கோடியில் ஒருவருக்குச் சீனியால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். மடித்து ஊசி குத்திய சாரன் காற்றில் ஆடும். அதனால் வாப்பா பகல் சோறு தின்று கண்ணயரும்போது போர்வையை மெல்ல விலக்கி இரண்டு காலும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இருக்கும். அதனால் எனக்கு நிம்மதி வந்துவிடாது. நாளைக்கும் இருக்குமா என்ற அடுத்த யோசனை வந்துவிடும். பயப்படுவதில் நான் சின்ன வயதிலேயே கெட்டிக்காரி. படிப்பை இடையில் விட்டபோதுகூட அந்தக் கெட்டித்தனம் மட்டும் குறையவில்லை.

சும்மா உட்காரக் கூடாது என்று டொக்டர் சொன்ன மனிதருக்கு அல்லாஹ் அனுப்பியது உட்கார்ந்திருக்கும் வேலை.

ஆலங்குடாப் பக்கம் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் பாய்கிற வெள்ளைக்காரர்கள் வந்துபோகத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்களில் ஒருவர் தன்னுடைய பாய்ப்படகைக் கற்பிட்டிக் களப்பில், எங்கள் கரையிலிருந்து சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில், நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுத் தன் நாட்டுக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை ஒரு ஆள் படகிலேயே குடியிருக்க வேண்டும். காற்றடித்து நங்கூரம் இழுபட்டால் சங்கிலியைக் கூட்டிவிட வேண்டும். உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைக்க வேண்டும். இறங்கிப் போகக் கூடாது. வலை இழுக்கத் தெம்பு குறைந்திருந்த வாப்பா சரி என்று ஏறிவிட்டார்.

உம்மாவுக்குத்தான் சரிவரவில்லை. “தரையில இரிக்கக்குள்ளயே நடக்காத மனிசன், தண்ணில எங்க நடக்கப்போறாரு?” என்றார். பள்ளிக்கூட லீவு வந்ததும் என்னை அனுப்பினார். காலையில் மாமாவின் வள்ளம் வலைக்குப் போகும்போது சோற்றுக் கெரியரோடு என்னைப் படகில் ஏற்றிவிடும். பொழுது சாய, மஃரிபுக்கு முன் கூட்டிவரும். வாப்பா தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் பார்ப்பதும், அவர் நடக்கிறாரா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. இரண்டும் உம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டும். உளவாளி என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது.

படகில் இருக்கிறவன் சும்மா இருக்கிறான் என்று கரையில் உள்ளவர்கள் நினைப்பார்கள். வாப்பாவுக்கு ஓய்வே இல்லை. நங்கூரச் சங்கிலியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவார், கயிறுகளை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவார், பித்தளை மினுங்கும்வரை தேய்ப்பார். ஆனால் இதெல்லாம் குந்தியிருந்து செய்கிற வேலை. நடையாகாது. நீந்திப் பார்த்தார், சொறி மீன் பட்டு முதுகு முழுக்கத் தடித்து ஏறிவந்தார். வெள்ளைக்காரர் உடம்பைப் பலப்படுத்த ஒரு ரப்பர் வார் வைத்திருந்தார். அதைக் காலில் மாட்டிக் கையால் இழுக்க வேண்டும். வாப்பா இழுத்தபோது அது காலிலிருந்து கழன்று நேரே தாடைக்கு வந்தது. கொஞ்ச நாள் ஒரு பக்கத்துப் பல்லால்தான் சோறு மென்றார்.

கடைசியில் நடைதான் மிஞ்சியது. படகிலோ நீட்டி நடக்க இடமில்லை. நடுவில் பாய்மரம், அதைச் சுற்றி ஒரு ஆள் போகிற அகலம். அந்த வட்டத்தில் வாப்பா நடக்கத் தொடங்கினார். வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துவாயைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்வார். இடுப்பில் வெள்ளைச் சாரன். அலுப்புத் தெரியாமல் இருக்க வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே போவார். ஒருநாள் கிட்டப் போய்க் காதுகொடுத்தேன். “வட்டிலப்பம்... தொதல்... மஸ்கத்... பால்டொபி...” டொக்டர் நிறுத்திய பண்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்துகொண்டிருந்தார்.

பாய்மரம் என்பது புத்தகத்துப் பெயர். உச்சியில் வெள்ளைக்காரருடைய நாட்டுக் கொடி பறந்ததால் எங்கள் கரையில் அதற்குக் கொடிமரம் என்று பெயர் விழுந்துவிட்டது. பெரியார் அடங்கிய சியாரத்தில் கந்தூரி விழாவுக்குக் கொடி ஏற்றுகிற மரத்துக்கும் அதே பெயர்தான். வினை அந்தப் பெயரில்தான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் காலை என்னோடு மாமியும் வள்ளத்தில் வந்தார். வாப்பாவின் தங்கச்சி. படகில் ஏறாமல் கீழே நின்றபடியே கேட்டார்.

“நானா, நீங்க இஞ்ச என்ன அமல் செய்றீங்க?”

“நடக்கிறன்.”

“ஊரு அப்பிடிச் செல்லல்லயே. வெள்ள உடுத்து, துவா ஓதி ஓதி, வெள்ளக்காரண்ட கொடிமரத்தத் தவாப் செய்றீங்களாம். ஹாஜியார் கண்ணால கண்டாராம்.”

“எந்தக் கண்ணால? அவருக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு இன்னும் மாசமாகல்லயே?”

“அதாலதான் நல்லாத் தெரியுதாம்.”

மக்காவில் ஹாஜிகள் கஃபாவைச் சுற்றிவருவதுதான் தவாப். அதை வேறெதற்கும் செய்யக் கூடாது என்பது எனக்கே தெரியும். எங்கள் பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார் முந்திய வருடம்தான் ஹஜ் செய்து வந்திருந்தார். அன்றிலிருந்து எதைக் கண்டாலும் அவருக்கு மக்காதான் நினைவுக்கு வரும். சந்தியில் பஸ்ஸுக்கு ஆட்கள் கூடி நின்றாலும் “மினாவில இப்பிடித்தான்” என்பார்.

வாப்பா சிரித்தார். ஆனாலும் அன்று பின்னேரம் சுற்றுவதை விட்டுவிட்டு, படகின் ஓரத்தில் முன்னுக்கும் பின்னுக்குமாக நேராக நடந்தார். சுற்றினால்தானே கதை என்று நினைத்தார். மறுநாளும் மாமி வந்தார். முகத்தில் சிரிப்பு வேறு.

“இப்ப தவாப் முடிஞ்சு ஸஃபா மர்வாவுக்கு நடுவுல ஓடத் தொடங்கிட்டாருன்னு செல்றாங்க, நானா. தல மொட்ட எப்பன்னும் கேக்கிறாங்க.”

ஸஃபா, மர்வா என்ற குன்றுகளுக்கிடையே ஹாஜிகள் போய்வருவார்கள். அதற்குப் பிறகு தலைமயிர் எடுப்பார்கள். வட்டமாக நடந்தாலும் குற்றம், நேராக நடந்தாலும் குற்றம். வாப்பா துவாயைக் கழற்றி மடித்து வைத்தார். உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழும்பவில்லை.

எல்லாரும் இதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பகிடியாக இல்லை. ஒவ்வொரு நாளும் வாப்பா குந்தியிருந்து பித்தளை தேய்த்தார். ஒருமுறை எழும்பும்போது, “கால் விறைச்சுப் போச்சு மகள், கொஞ்சம் பிடிங்க” என்றார். கையைப் பிடித்துத் தூக்கினேன். அந்த நேரம் என் கண்ணுக்குள் ஒழுங்கைக் கோடியில் ஆடிய சாரன்தான் தெரிந்தது. உம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் உம்மா ஹாஜியார் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவார். ஹாஜியார் கோபித்தால் பள்ளிவாசல் கோபிக்கும். ஊர் விலக்கி வைத்தால், வீட்டில் ஒருவர் செத்தால் மையித்தை யார் எடுப்பது? இப்படி என் யோசனை காலில் தொடங்கி மையவாடி வரைக்கும் போய்விட்டு வந்தது. சொல்லவில்லை.

நான் சொல்லாவிட்டாலும் விசாரணை தானாகவே வந்தது. ஒரு பின்னேரம் மாமாவின் வள்ளத்தில் ஹாஜியாரும், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற மௌலவி ஹஸரத்தும் வந்து சேர்ந்தார்கள். ஹஸரத் மெலிந்தவர், இலேசாக ஏறிவிட்டார். ஹாஜியார் கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வாப்பா ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஸலாம் சொன்னார். நான் சீனியில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஹாஜியார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஹஸரத், இவர் சுத்தினத நான் ரெண்டு கண்ணாலயும் கண்டன்” என்று தொடங்கினார்.

“சுத்தினன்தான். டொக்டர் நடக்கச் சென்னாரு. இஞ்ச நடக்க வேற இடம் இல்ல ஹஸரத்” என்றார் வாப்பா.

ஹஸரத் தாடியைத் தடவினார். “மனசால வைக்கிற நிய்யத் இல்லாமத் தவாப் இல்ல. இவர்ட நிய்யத் சீனிதானே.”

“நிய்யத் உள்ளுக்கு இரிக்கிற சாமான். ஊருக்குத் தெரியிறது கால்தானே?” என்றார் ஹாஜியார்.

ஹஸரத் கொஞ்சம் யோசித்தார். தவாபில் கஃபா எப்போதும் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே கொடிமரம் வலப்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி நடந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஹாஜியாருக்கு வரவில்லை.

“அது சரி ஹஸரத். இவர் அந்தப் பக்கமா நடக்கக்குள்ள போட் இந்தப் பக்கமாத் திரும்பினா? அப்ப கணக்கு எப்பிடி?”

இது நியாயமான கேள்விதான். நங்கூரம் போட்ட படகு ஓரிடத்தில் நிற்பதில்லை. கயிற்றில் கட்டிய ஆடு போலக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மூன்று பெரியவர்களும் இதைப் பற்றிக் கனநேரம் கதைத்தார்கள். வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கொடிமரமாக வைத்து, பிசுக்கோத்துத் துண்டைத் தானாக நினைத்துச் சுற்றிக் காட்டினார். ஹாஜியார் கோப்பையின் கீழிருந்த தட்டைத் திருப்பிக் காட்டினார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“வாப்பா நடக்காட்டி கால வெட்டுவாங்க ஹஸரத்!” என்று கத்திவிட்டேன். கத்தியதோடு அழுகையும் வந்துவிட்டது.

ஹாஜியார் குனிந்து தன்னுடைய காலைப் பார்த்தார். அந்த நேரம் கரையிலிருந்து அஸர் தொழுகைக்கு அதான் கூப்பிடுவது கேட்டது. எல்லாரும் எழும்பினார்கள்.

படகின் முன்பக்கத்தில் பாயை விரித்தார்கள். எங்கள் கரை களப்புக்கு மேற்கே இருப்பதால், தொழுகையில் முகம் திருப்ப வேண்டிய கிப்லாவும் அந்தப் பக்கம்தான். பள்ளிவாசல் மினாரைப் பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால் போதும். காற்றுக்குப் படகின் மூக்கும் அப்போது கரையைப் பார்த்துத்தான் இருந்தது. கொடிமரம் அவர்களுக்குப் பின்னால். “தொழக்குள்ள போட் திரும்பினா, நாமளும் சேந்து கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ளோணும். அதுதான் சட்டம்” என்று ஹஸரத் சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

இரண்டாவது ரக்அத்தில் காற்று விழுந்தது. நீரோட்டம் படகைப் பிடித்து மெல்லத் திருப்பியது. ஹஸரத் கால்களைச் சற்று நகர்த்தினார். பின்னால் நின்ற இருவரும் நகர்த்தினார்கள். படகு இன்னும் திரும்பியது. அவர்களும் இன்னும் நகர்ந்தார்கள். பாய் அதன் இடத்திலேயே கிடந்தது. மூன்று பேரும் அதைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் ஒரு சுருட்டிய கயிற்றின் மேல் ஏறி இறங்கினார். நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவில் அவருடைய தொப்பி வாப்பாவின் முழங்கைக்குள் போனது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மூவரும் கரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது படகின் மூக்கு எதிர்க்கரையில் எலுவன்குளத்துக் காட்டுப் பக்கம் பார்த்தது. கொடிமரம் ஹஸரத்தின் மூக்குக்கு நேரே நின்றது.

ஹாஜியார் அதை மேலும் கீழும் பார்த்தார். “இந்த மரம் எப்ப முன்னுக்கு வந்திச்சு?”

கரையிலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. விசாரணை பார்க்க ஊரில் பாதி அங்கேதான் கூடி நின்றிருக்கிறது. அவர்கள் கண்டதை மாமி பிறகு என்னிடம் சொன்னார். போனவர்கள் கொடிமரத்துக்கு முன்னால் நிற்கக் கண்டார்களாம். பிறகு பக்கத்தில் நிற்கக் கண்டார்களாம். பிறகு பின்னால் நிற்கக் கண்டார்களாம். “தடுக்கப் போன ஆக்களும் சேந்து சுத்துறாங்க!” என்று யாரோ கத்தியதும் கரை முழுக்கச் சிரிப்பாகிவிட்டதாம்.

ஹாஜியார் வள்ளத்திலிருந்து இறங்கியபோது மீன்வாடியில் நின்ற ஒருவர் மரியாதையாகவே கேட்டிருக்கிறார்: “ஹாஜியார், எத்தின சுத்து முடிஞ்சிச்சு?”

“நாங்க சுத்தல்லடா! போட்தான் சுத்திச்சு!”

வாயிலிருந்து அது விழுந்த கையோடு வழக்கும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாப்பாவைப் பற்றி யாராவது தொடங்கினால், அடுத்தவர் “அவர் சுத்தல்ல, போட்தான் சுத்துது, ஹாஜியாரே செல்லிட்டாரு” என்று முடித்துவிடுவார். மறுநாளே வாப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வட்டிலப்பத்திலிருந்து தொடங்கினார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி நன்றாக இறங்கியிருக்கிறது, இப்படியே நடக்கட்டும் என்றார். நான் வாப்பாவின் காலைப் பார்த்தேன். கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று பகல் நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

நிம்மதி நீடிக்கவில்லை. பின்னேரங்களில் வாப்பா நடக்கத் தொடங்குகிற நேரம் பார்த்து உம்மா கரைக்கு வர ஆரம்பித்தார். தேங்காய்ப் பொச்சு மட்டை பொறுக்க வந்தவர் போல ஒரு கடகம் கையில் இருக்கும். ஆனால் குனிய மாட்டார். மீன்வாடியிலிருந்து கண்டல் மரங்கள் வரைக்கும் போவார், திரும்புவார், மறுபடி போவார். வெறும் கடகத்தோடு வீட்டுக்குப் போவார். எனக்கு ரோசம் வந்தது. என்னை நம்பித்தானே அனுப்பினார்? பிறகு தானும் வந்து காவல் நிற்பது ஏன்?

“வாப்பா, உம்மா உங்களப் பாரா பாக்கிறாங்க. நீங்க நடக்கிறீங்களான்னு நோட்டம் விடுறாங்க” என்று காட்டிக்கொடுத்தேன்.

வாப்பா கரையைப் பார்த்தார். “ஓம், தெரியும் மகள்” என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதுப் பழக்கம் வந்தது. நடக்கத் தொடங்க முன் வாப்பா வெள்ளைக்காரருடைய சின்னக் கண்ணாடியின் முன் நின்று தலையில் எண்ணெய் தடவிச் சீவுவார். துவைத்த சாரன் உடுத்துவார். அத்தரும் தொட்டுக்கொள்வார். நடக்கும்போது பண்டங்களின் பெயர் சொல்வதையும் விட்டுவிட்டார். கரைப் பக்கம் வரும்போது மெதுவாக நடந்தார். மற்றப் பக்கத்தை ஓட்டமாகக் கடந்தார். நான் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பயம் தாங்காமல் மாமியிடம் போய், சீனி காலை விட்டுவிட்டு இப்போது தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டேன். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது. இவ்வளவு பெரிய வருத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறாரே, இவருக்கும் சீனி இருக்குமோ என்று நான் மாமியின் காலைக் குனிந்து பார்த்தேன்.