இரண்டு, மூன்று, ஐந்து

பாசிக்குடா ஹோட்டல் வாசலில் காத்துக் கிடக்கும் வேன் சாரதிகளான எங்களுக்கு அந்தக் காட்ஸ் விளையாட்டைப் பழக்கியவர், கட்டாரிலிருந்து திரும்பி வந்து எங்களைப்போல வேன் ஓட்டிய ஒரு முஸ்லிம் அண்ணன்; நாங்கள் நானா என்போம். ஆளுக்கு மூன்று காட்ஸ்; அதுதான் கை. ஆகச் சிறிய கை வைத்திருப்பவருக்கே வெற்றி. வென்றவருக்குத்தான் அடுத்த எயார்போட் ஹயர் ஓட்டம்.

மெலிந்த மனிதர். எந்நேரமும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். காட்ஸை ஒருமுறை பார்ப்பார், கவிழ்த்து வைப்பார், "நான் இல்ல" என்பார். பழக்கியவரே எப்போதும் தோற்பது எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ கள்ளம் இருக்கிறதென்று அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர் கவிழ்த்ததைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து. மூன்றும் வெவ்வேறு இனம். இரண்டு, மூன்று, நான்கு என்றால் வரிசையாகிப் பெரிய கையாகிவிடும். இதைவிடச் சிறிய கையே கிடையாது.

"வெல்லுற கைய ஏன் நானா கவிழ்த்தீங்க?"

"எனக்கு எயார்போட் பக்கம் போக ஏலா தம்பி."

"அப்ப ஏன் விளையாடுறீங்க?"

"விளையாடாட்டி, ஏன் போறல்ல எண்டு கேப்பீங்களே."

அன்றைய ஹயர் எனக்கு விழுந்தது. எயார்போட்டில் பயணிகளின் பெயர் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கோ பயந்துதான் நானா இந்தப் பக்கம் வருவதில்லை என்று எனக்குப் பட்டது. வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தேன், அவர் பயப்படும் ஆள் இவர்களில் யாரென்று.