நிலம்பதியின் புதுக் கற்கள்

பஸ்ஸின் முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிறைய ஆள். பின்னாலிருந்து வசவு வர ஆரம்பித்தது.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டின் கிழக்கு ஓரம். ஆறு ஊரை இரண்டாக வெட்டுகிறது. வீடும் தென்னந்தோப்பும் கிழக்குக் கரை. சந்தையும் ஆஸ்பத்திரியும் மேற்குக் கரை. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன மாட்டுவண்டிகள் ஆழம் குறைவென்று பார்த்து இறங்கிய துறை இது. பிறகு அதே இடத்தில் நிலம்பதி கட்டினார்கள். ஆற்றோடு ஒட்டிக் கிடக்கிற தாழ்ந்த பாலத்துக்கு இங்கே அதுதான் பெயர். கைப்பிடிச் சுவர் இல்லை, ஓரத்தில் வரிசையாகக் கற்கள் மட்டும். இங்கே வெயில் காயும்போதே, மேலே தமிழ்நாட்டு அணையைத் திறந்தால் வெள்ளம் வரும். கல்லின் தலை தெரிந்தால் வண்டி போகலாம், முழுகினால் நிற்க வேண்டும். ஊர்ச் சட்டம் இதுதான்.

அன்று கல்லின் தலை தெரிந்தது.

"ஏனுங்க டிரைவரே, கல்லு தெரியுதல்லங்க? எடுங்க வண்டிய!" என்றார் வேலுச்சாமி. முன்சீட்டில் அவர் மனைவி சரசு. அன்று அவருக்கு டயாலிசிஸ். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முந்தின முறை தவறிப்போயிருந்தது. இந்த முறையும் தவறினால் தாங்கமாட்டார் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எதிர்க்கரைப் பிள்ளையார் கோயில் படித்துறையைப் பார்த்தேன். கல்லின் தலை தெரிகிற நாளில் அங்கே மேல்படிகள் வெளியே இருக்கும். அன்று ஒரு படியும் இல்லை. தண்ணீர் கோயில் சுவரில் மோதியது. படிகளை யாரும் மாற்றவில்லை. கற்களைத்தான் மாற்றியிருந்தார்கள். முந்தின வெள்ளம் பழைய கற்களை அடித்துக்கொண்டு போனபின், கான்ட்ராக்டர் நட்டவை பழசைவிட முழங்கால் உயரம் கூட. நட்ட அன்று அழகாக இருக்கிறது என்றோம். அதற்குமேல் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அதன்பிறகு வந்த முதல் வெள்ளம் இது.

"இது புதுக் கல்லுங்க, உசரம் சாஸ்தி. பழைய கணக்கு ஆகாது."

"டிரைவருக்கு நீச்சல் தெரியாதாட்ட இருக்குது!" என்றான் பின்சீட்டில் ஒருத்தன். பஸ்ஸே சிரித்தது.

கண்டக்டர் போனை நீட்டினான். முதலாளி. "மத்த வண்டியெல்லாம் போகுது, உனக்கு மட்டும் என்னப்பா பயம்?"

அந்த நேரம் பார்த்து, தக்காளி ஏற்றிய பிக்கப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்தி இறங்கியது. பாதிப் பாலத்தில் எஞ்சின் நின்றது. தண்ணீர் வண்டியைத் தள்ளி ஒரு கல்லோடு சாத்தியது. பெட்டிகள் சரிந்து ஆற்றோடு போயின. டிரைவர் கூரைமேல் ஏறி நின்று கத்தினான். சிரித்தவர்களே கயிறு வீசி அவனை இழுத்தார்கள்.

வேலுச்சாமி என் கையைப் பிடித்தார். "எங்கூட்டுக்காரிக்கு என்னங்க பண்றது?"

போனில் முதலாளியிடம் சொன்னேன். "தெக்கே பெரிய பாலத்துல சுத்திப் போறேனுங்க."

"ரூட் மாத்துனா பெர்மிட் போயிரும்!"

"ஆள் போனா?"

போனை வைத்துவிட்டு ரிவர்ஸ் போட்டேன்.

சரசு பிழைத்தார். சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகி, அவருடைய டயாலிசிஸ் மெஷினுக்கு வேறு ஆளைப் படுக்கவைக்க இருந்தார்கள். வேலுச்சாமி வாசலிலிருந்தே கத்தி நிறுத்தினார்.

வெள்ளம் வடிந்ததும் ஊர் என்ன செய்தது தெரியுமா? பிக்கப்பைத் தாங்கிய கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டது. உயரத்தைக் குறைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்குப் போனேன். "கல்லு ஸ்ட்ராங்காத்தானே இருக்கு சேட்டா, பின்ன எந்தா?" என்றார் அங்கே இருந்தவர். நானே சிவப்பு பெயின்ட் வாங்கி, பழைய உயரத்தில் ஒவ்வொரு கல்லிலும் கோடு போட்டேன். சாமியான கல்லிலும், மாலையை ஒதுக்கிவிட்டு.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கோடு இன்னும் இருக்கிறது. இப்போது ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓர் அடையாளத்தை நம்பி வண்டியை இறக்கும் முன், அதை யாராவது மாற்றினார்களா என்று பார். கோடு முழுகினால் நில். பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்க உயிரோடு இருக்கிறார்களே, அது போதும்.