இடியன் துவக்குக்கு ஒரு சாரம்

இடியன் துவக்கைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்த தமிழ்ப் பெண் இன்னொருத்தி சிட்னியில் இருந்தால், பாவம், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் நாசமாய்ப் போயிருக்கும் என்றுதான் நினைப்பேன். என்னுடையவை அப்படித்தான் போயின. பத்து வயதில், ஏறக்குறைய ஒரு வருடத்து ஞாயிறுகளை விண்ட்சர் பக்கத்து மேய்ச்சல் நிலம் ஒன்றில் வெடிமருந்துப் புகைக்குள் கழித்தேன். நான் துவக்குச் சுடவில்லை. அப்பாவும் சுடவில்லை. சுட்டவர் அப்பாவின் ஃபோர்மன்.

எழுபதுகளின் கடைசி அது. குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு ஃபைப்ரோத் தகட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சுற்றிவரக் குதிரைகள் மேயும் வெளி. தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் ரயிலேறிப் போக வேண்டும். ஊரில், இலங்கையில், எஞ்சினியராக இருந்த அப்பா, இங்கே ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுக்க நின்றார். அவருடைய ஃபோர்மனுக்குப் பழங்காலத்துத் துவக்கு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, வாயில் ஒரு துணித்துண்டை விரித்து, அதன்மேல் ஈயக்குண்டை வைத்துத் தடியால் இடித்து இறக்கிச் சுடுகிற துவக்கு. வன்னிக் காட்டில் பன்றி சுடுகிற இடியனுக்கு இது வெள்ளைக்காரத் தமையன் என்று அப்பா சொல்வார்.

அந்தத் துணித்துண்டுதான் எங்களைப் பிடித்த சனியன். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியது. துணி அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால்தான் குழலின் உட்புறத்துச் சுருள் கீறல்கள் குண்டைச் சுழற்றும். சுழன்றால்தான் நேரே போகும். துணி கிழிந்தாலோ எரிந்தாலோ குண்டு தன்பாட்டுக்கு எங்கேயோ போகும். ஃபோர்மனின் துணி எப்போதும் கிழிந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அப்பா பேசாமல் தன் பாணைத் தின்றிருக்கலாம். துணியின் நெசவு நெருக்கம் போதாது என்று வாயைத் திறந்து மாட்டிக்கொண்டார்.

வாயைத் திறந்ததற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஊர் நிலைமை சரியில்லை. தொழிற்சாலையில் ஓர் ஆளுக்கு வேலை இருக்கிறது என்று ஃபோர்மன் ஒரு கடிதம் எழுதித் தந்தால் மாமாவை இங்கே எடுத்துவிடலாம். அம்மாவுக்கு அந்த வருடம் முழுக்க வேறு கதையே இல்லை. அப்பா சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "கேட்டனீங்களோ?" என்பார். "நேரம் பாத்துக் கேக்கிறன்" என்பார் அப்பா. அந்த வீட்டில் எல்லோருக்குமே எந்த நேரமும் களைப்பாக இருந்தது.

எறும்பைக்கூட விலத்தி நடக்கிற அந்த மனிதர், சனிக்கிழமைகளில் துணி ஆராய்ச்சி செய்தார். முதலில் படுக்கை விரிப்பு. ஒரு நூலை இழுத்து நெருப்புக் குச்சியால் கொளுத்திப் பார்த்தார். சாம்பலாகாமல் உருகி மணியாய்த் திரண்டது. அது நைலோன் கலப்பு, குழலுக்குள் உருகி ஒட்டும் என்று தள்ளிவிட்டார். வேட்டித் துணி சுத்தப் பருத்திதான், ஆனால் மெல்லிசு. கடைசியில் தன் இடுப்பைப் பார்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறிச் சாரம், இந்தியத் தமிழர்கள் கைலி என்பார்களே, அது. நெருக்கமான நெசவு, அளவான தடிப்பு. அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்றை வெட்டினார். சாரத்தில் ஏதாவது கஞ்சிப் பசை இருந்தால் போகட்டும் என்று வெட்ட முன்னம் மூன்று தரம் கொதிநீரில் போட்டு அலசினார். அதை வீட்டுக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற லோண்டரி அறையில் தனியாகச் செய்தார். இந்தத் துவக்குச் சங்கதிக்கு அம்மா அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார்.

அடுத்தது நெய்ப்பு. துணிக்கு ஏதாவது பூசாவிட்டால் மருந்தின் நெருப்பு அதைத் தின்றுவிடும். சுடுகிற இடத்தில் சிலர் துணியை வாயில் போட்டுச் சப்பி எச்சிலோடு வைத்தார்கள். அப்பா அதைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிவிடுவார். ஃபோர்மன் ஆட்டுக் கொழுப்பு ஒரு டின் கொடுத்தனுப்பினார். அம்மா டின்னைத் திறந்து மணந்துவிட்டு மூடினார்.

"என்ரை குசினிக்குள்ளை இதை உருக்கிறதெண்டால் நான் வெளியிலை போறன். நீங்களே சமைச்சுத் தின்னுங்கோ."

மாஜரீனில் உப்பு இருந்தது, இரும்பு துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் குளிர்காலக் காலையில் கல்லாகியது. கடைசியில் அப்பா மருந்துக் கடையில் ஆமணக்கெண்ணெய் வாங்கிவந்தார். போத்தலைக் கண்டதும் எனக்குப் பேதி குடிக்கத் தரப்போகிறார்கள் என்று கட்டிலுக்கடியில் ஒளித்துக்கொண்டேன். அதைத் தேன்மெழுகோடு சேர்த்து உருக்கித் துணியில் ஊறவிட்டபோது, ஃபோர்மனின் குண்டுகள் முதல் தடவையாக ஒரே இடத்தில் போய்க் குந்தின.

அந்த ஞாயிறுகளில் என்னை அப்பாவோடு அனுப்பியது அம்மா. அப்பாவுக்கு யாரும் பியரை ஊற்றிக் கொடுத்துவிடாமல் நான் காவல். எல்லோரும் துவக்கைக் கீழே வைத்தபின், சுட்ட துணித்துண்டுகளைப் புல்லுக்குள் தேடிப் பொறுக்கி வருவேன். அப்பா அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நடுவில் ஓட்டை என்றால் நெய்ப்புப் போதாது. வளையமாய் வெட்டு என்றால் குழலின் விளிம்பு கூர். நடுவில் ஒரு சாம்பல் வட்டமும் ஓரம் முழுசாயும் இருந்தால் அப்பாவின் முகம் கொஞ்சம் இளகும். மற்றப்படி அங்கே எனக்கு மொய்க்கிற இலையான்களும் சலிப்பும்தான்.

வருடக் கடைசியில் ஒரு போட்டி வந்தது. ஃபோர்மன் மூன்று வருடமாகத் தோற்ற போட்டி. தொழிற்சாலையிலும் ஓர் இடம் காலியாகியிருந்தது. "போட்டி முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை கேக்கச் சொன்னவன் ஃபோர்மன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று சாமி விளக்கை இரண்டு தரம் ஏற்றினார்.

துணி தீர்ந்துபோயிருந்தது. அப்பா இரண்டாவது சாரத்தையும் எடுத்து வைத்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவரை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவாகவே, "நான் செய்து வைக்கிறன், நீங்கள் வேலைக்குப் போட்டு வாங்கோ" என்றார். அதுவரை அந்தத் துணிப் பக்கமே வராத மனுசி. அப்பா திகைத்துப்போய், வட்டம் வெட்ட அளவாக வைத்திருந்த போத்தல் மூடியைக் காட்டி, மெழுகுக் கலவையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா சாரத்தைத் தோய்த்தார். சோறு வடித்த கஞ்சியை நான் பிடித்துக் கொடுக்க, அதில் துணியை முக்கிப் பிழிந்து, வெயிலில் விறைக்கக் காயவிட்டு, இஸ்திரி போட்டார்.

"வெள்ளைக்காரன்ரை கையிலை போற துணி. கசங்கிக் கிடந்தால் ஆரைச் சொல்லுவினம்? பொம்பிளையைத்தான் சொல்லுவினம்."

பிறகு அளவாக வட்டம் வட்டமாக வெட்டி, கலவையில் தோய்த்து, பிஸ்கட் டின்னில் அடுக்கினார். அத்தனை அழகான துண்டுகளை அப்பா ஒருநாளும் வெட்டியதில்லை. அப்பா களைத்து வந்து, டின்னைத் திறந்து பார்த்து, "நல்ல வடிவாய் இருக்கு" என்றார். ஆறிய மெழுகில் எந்தத் துணியும் விறைப்பாகத்தான் இருக்கும். அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் ஃபோர்மன் தன் யூட் வண்டியில் எங்களை ஏற்றிப்போனார். அவருடைய முதல் குண்டு குறிப்பலகையிலேயே படவில்லை. இரண்டாவது ஓரத்தில் பட்டது. மூன்றாவது குண்டு குழலில் பாதிவழியில் இறுகி நிற்க, தடியால் அடித்து இறக்க வேண்டியிருந்தது. நான் ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். எல்லாவற்றிலும் நடுவில் பெரிய ஓட்டை, ஓரம் கருகி நொறுங்கியது. அப்பா ஒன்றை மூக்கில் வைத்து மணந்தார். அடிப்பிடித்த சோற்று மணம் எனக்கே வந்தது.

"பிள்ளை, அம்மா இதுக்குக் கஞ்சி போட்டவவோ?"

"ஓம். நல்லாய்ப் போட்டவ. நான்தான் பிடிச்சுக் குடுத்தனான்" என்றேன் பெருமையாக.

அப்பா துண்டை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். கஞ்சி ஏறிய நூலுக்குள் நெய்ப்பு இறங்காது என்பது எனக்கு எங்கே தெரியும். "அம்மாட்டைச் சொல்லாதை" என்றார். பிறகு ஃபோர்மனிடம் போய், பிழை தன்னுடையது, துணியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா பொய் சொல்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபோர்மன் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா மறுநாள் வேலைத்தலத்தில் கேட்கத்தான் கேட்டார் என்றும், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று என்று ஃபோர்மன் சொன்னார் என்றும் நான் கலியாணம் முடித்துப் பிள்ளைகள் பெற்ற பிறகுதான் அறிந்தேன். மாமா ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா அவரை மறுபடி கண்டது பதினெட்டு வருடம் கழித்து. அதுவரைக்கும், "இந்த மனுசன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். அப்பா பேப்பரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அந்த ஞாயிறு பின்னேரம் நாங்கள் வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றார். அவர் வாயைத் திறக்க முன்னமே அப்பா சொன்னார்.

"நான் கேக்கேல்லை. வாய் வரேல்லை."

அம்மா உள்ளே போய்க் குசினிக் கதிரையில் குந்தியிருந்து அழுதார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, அப்பாவை எவ்வளவு முறைக்கலாமோ அவ்வளவு முறைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. துவக்குச் சூடு எப்படிப் போனது என்று அம்மா கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அதை அவ்வளவு அவசரமாகச் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.